நல்ல உளி ஒன்று கொண்டு வரவும்

சிக்னெட்,
ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய கொழுந்தனார் டெஸ்மண்ட் அவர்களுக்கு,

தங்கள் அண்ணி நோரீன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இடது முழங்காலும் பெண்டிகோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், கோழிகள் ஆறும் சுகம், கூரை முன்பு ஒழுகிய இடத்திலேயே ஒழுகுகிறது. தங்கள் அண்ணன் கிளாரியைப் பற்றி மட்டும் அந்தச் சொல்லை எழுத வழியில்லை. காரணம் தங்களுக்கே தெரியும். போன மாதம் அவருடைய எழுபத்தோராவது பிறந்தநாளுக்குத் தாங்கள் கைபேசியில் அனுப்பிய கட்டைவிரல் படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. டாக்டர் கெடு வைத்த மனிதருக்குக் கூடப்பிறந்த தம்பி அனுப்பியது ஒற்றைக் கட்டைவிரல். அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பரவால்லயே, நாப்பது வருஷம் தச்சு வேலை பாத்தும் அவனுக்குக் கட்டைவிரல் மிச்சம் இருக்கே" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் நடந்த அத்தனை கூத்துக்கும் மூலகாரணம் தாங்கள்தான். ஊர் உலகத்தில் தம்பிமார் கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்கு ஒரு ஜோடி காலுறை அனுப்புவார்கள், மனசு இருந்தால் ஒரு பாட்டில் விஸ்கி அனுப்புவார்கள். தாங்கள் அனுப்பியது பத்தொன்பதடி மோட்டார் படகின் வரைபடம். சுருட்டிச் சிவப்பு நாடா கட்டி வந்தது. மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி வீட்டிலேயே கட்டலாம், சாதாரண ஆள் கட்டலாம் என்று மேலே அச்சடித்திருந்தது. அது பாட்டுக்கு அலமாரிக்குப் பின்னால் கிடந்து எலிக்குப் போயிருக்கும். போன வருஷம் பிப்ரவரியில் ஹோபார்ட்டில் அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, "நுரையீரல்ல இருக்கறது அறுத்தெடுக்கற மாதிரி இல்லீங்க, எட்டு மாசம்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது கிளாரி ஹியூவான்வில்லில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சிப்பிக்கறி வைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்று வாங்கித் தின்று, விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "நோரீன், டெஸ் அனுப்பின படகைக் கட்டப் போறேன். அது தண்ணில மிதக்கற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்."

"மிதந்த பெறகு?" என்றேன்.

"மிதந்த பெறகு எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆப்பிள் தோட்டங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். இந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறேன் என்று சொல்லிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முதல் கேடு என்னவென்றால் எங்கள் கார் ஷெட் பதினெட்டடி, தாங்கள் அனுப்பிய படகு பத்தொன்பதடி. அந்த ஓரடிக்காக ஷெட்டுக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் போயிற்று, துவைக்கும் இயந்திரம் வாசலுக்குப் போயிற்று, அது நின்ற இடத்தில் படகின் மூக்கு வந்து உட்கார்ந்தது. அடுத்தது மரச்சட்டங்கள். ஒவ்வொன்றும் விரல் தடிமன், ஆறரை மீட்டர் நீளம். இருநூறு சட்டம். ஷெட் வாசல் வழியாகக் கொண்டுவந்தால் திருப்ப இடமில்லை. ஆகவே கழிவறை ஜன்னல் வழியாக நுழைத்து, நடைவழியில் நீட்டி, சமையலறையைக் கடந்து ஷெட்டுக்குள் விட்டார்கள். வெளியில் நின்று தள்ளியவர் பக்கத்துத் தோட்டத்து வெர்ன், உள்ளே நின்று இழுத்தவர் தங்கள் அண்ணன். வாரம் இரண்டு முறை ஊசி போட வரும் நர்ஸ் மெரிடித் அன்றைக்கு ஒதுங்கப் போயிருக்கிறாள், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்பது தெரிந்த கதை, ஜன்னல் வழியாக ஒரு சட்டம் வந்து அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. "முடிஞ்சுதா?" என்று அவள் கத்தினாள். "இன்னும் நாலு மீட்டர் இருக்கும்மா, குனிஞ்சே இரு" என்றார் வெர்ன். நல்ல பெண். மறுவாரமும் வந்தாள், வந்து பசை கலக்கக் கற்றுக்கொண்டாள்.

பசை என்றதும் என் வயிறு எரிகிறது. இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், அளவு தவறினால் இறுகாது. ஆகவே என் அளவுக் கோப்பைகள் போயின, ஒன்றை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். கேக்குக்கு ஐசிங் தடவும் கரண்டி போயிற்று. துணிக் கிளிப் எழுபதும் சட்டங்களைக் கவ்விப் பிடிக்கப் போயின, மாதக்கணக்கில் என் உள்பாவாடைகள் காற்றில் வெர்னின் தோட்டத்துக்குப் பறந்தன. வெர்ன் அவற்றை மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார், அதுதான் எனக்கு இன்னும் அவமானம். இழைக்கிற தூசி வீடு முழுக்க. "கிளாரி, உன் நுரையீரலுக்குத் தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே, முகமூடியாவது போட்டுக்கய்யா" என்று கெஞ்சினேன். "முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் பத்து நிமிஷம் நின்றபாடில்லை.

படகு கட்டும் விதம் தச்சரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நடந்த நாசம் அதில்தான் இருக்கிறது. முதலில் ஒன்பது அச்சுப் பலகைகளை வளைவாக வெட்டி, நீளமான ஒரு கட்டையின்மேல் மீன் முள் மாதிரி வரிசையாக நிறுத்த வேண்டும். அதன்மேல் சட்டங்களை ஒன்றையொன்று ஒட்டிப் படகைக் கவிழ்த்தபடியே கட்ட வேண்டும். கட்டி முடித்து நிமிர்த்தியதும் அச்சுகளை உருவி எறிய வேண்டும். அப்படி உருவ வேண்டுமானால் ஒவ்வொரு அச்சின் விளிம்பிலும் முன்கூட்டியே பார்சல் கட்டுகிற பழுப்பு டேப்பை ஒட்டியிருக்க வேண்டும். டேப் இருந்தால் பசை அச்சைப் பிடிக்காது. டேப் இல்லையென்றால் படகும் அச்சும் ஒரே உடம்பாகிவிடும். ஆண்டவரே இறங்கி வந்தாலும், அவரும் தச்சர்தான், பிரிக்க முடியாது.

போன ஆகஸ்டில் ஒன்பது அச்சும் நின்றுவிட்டன. வேலை அப்படி ஒரு வேகம். கிறிஸ்துமஸுக்குள் மிதக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன் பிறகுதான் சனி பிடித்தது. பசைக்குச் சொல்லியனுப்பினால் வேறு பசை வந்தது, அதைத் திருப்பி அனுப்ப ஒரு மாதம். ராத்திரிக் குளிரில் பசை இறுகவில்லை. இறுகட்டும் என்று என் கட்டிலில் கிடந்த மின்சாரக் கம்பளியை எடுத்துப் படகுக்குப் போர்த்தினார்; படகு கதகதப்பாகத் தூங்கியது, நான் இரண்டு ஜோடி காலுறையோடு நடுங்கினேன். அப்படியும் காலையில் தொட்டால் பிசுபிசு. எட்டு மாதம் என்ற கெடு அக்டோபரில் வந்து போயிற்று. அன்றைக்கு அவர் இரண்டு சட்டம் ஒட்டினார். நான் ஆட்டுக்கறி வறுத்தேன்.

ஒரு வழியாக இந்த மே மாதம் படகை நிமிர்த்தும் நாள் வந்தது. இந்தப் பக்கத்து வழக்கம் தங்களுக்கு மறந்திருக்காது. படகு நிமிர்த்துகிற வீட்டில் அழைப்பு வேண்டியதில்லை, பன்னிரண்டு பேர் தாமாக வருவார்கள், வந்தவர்களுக்குப் பையும் பீரும் கொடுத்தாக வேண்டும், முதல் பீரைச் சொந்தக்காரர் படகின் முதுகில் ஊற்ற வேண்டும். கிளாரி தடியை ஊன்றி நின்று ஊற்றினார். பாதி அவர் செருப்பில் போயிற்று. வெர்ன் படகைத் தட்டிப் பார்த்து, "மாப்ளே, இவ்வளவு அழகா செஞ்சிருக்க, மேல ஒரு மூடி மட்டும் போட்டுட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்" என்றார். எனக்கு அவர் மண்டையில் பை தட்டைப் போடலாம் போல இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தது கிளாரிதான். "பத்தொம்பதடி எனக்கெதுக்குடா? நீயும் கூட வந்தா சரியா இருக்கும்" என்றார்.

பன்னிரண்டு பேரும் பிடித்தார்கள். வெர்ன் மூன்று எண்ணினார். தூக்கினார்கள். படகு அச்சுகளை விட்டு மேலே வர வேண்டும் அல்லவா? வந்தது, ஒன்பது அச்சும் கூடவே வந்தன, அவை நின்ற கட்டையும் வந்தது, கட்டை திருகப்பட்டிருந்த தரைப் பலகைகள் இரண்டும் வந்தன. இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கியிருந்தால் வீடே வந்திருக்கும். யாரோ, "இது என்னடா, மரத்தைப் பிடுங்கினா வேரும் வருது" என்றான். வெர்னின் முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே இறக்கி வைத்தார்கள். கிளாரி தடியைப் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, வயிற்றில் ஊர்ந்து அடியில் போனார். வெளியில் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பன்னிரண்டு பேர் கையில் பீரோடு அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டேப் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு அச்சிலயும் டேப் இல்ல."

டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு அச்சாகப் போய்த் திரும்பி வந்தது.

"நான் ஒட்டினேனே. நோரீன், நான் ஒட்டினேன்ல?"

"எனக்கென்னய்யா தெரியும்? பலகையும் பழுப்பு, டேப்பும் பழுப்பு" என்றேன்.

பிறகு எல்லாருமாக மொத்தத்தையும் முள்ளும் சதையுமாக நிமிர்த்தி வைத்து, அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பையைத் தின்றுவிட்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி சொல்லாமல் போனார்கள். அன்று மதியம் கிளாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாற்பத்தாறு வருஷமாக அந்த முதுகை எனக்குத் தெரியும், அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. மறுவாரம் மெரிடித் வந்தபோது நான் தேநீர் கொண்டு போகையில் அவர் கேட்பது காதில் விழுந்தது: "உண்மையைச் சொல்லும்மா, மூளைக்கும் ஏறிடுச்சா? செய்யாத வேலையைச் செஞ்சதா நெனச்சிட்டிருக்கேன்." அவள் தேதி கேட்டாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள், எல்லாம் சரியாகச் சொன்னார். சரியாகச் சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பம். இரண்டு மாதம் அந்த மனிதர் ஒவ்வொரு கதவையும் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டினோமா என்று பார்த்தார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, டெஸ்மண்ட். எனக்கு அவர் இருமுவது பழகிவிட்டது, இது பழகவில்லை.

அதன் பிறகு படகுக்குள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து உளியால் அச்சுகளைக் கொத்த ஆரம்பித்தார். வெர்ன் முதுகு சரியானதும் மின்சார ரம்பத்தோடு வந்தார். "மாப்ளே, தள்ளு, ஒரே மத்தியானத்துல ஒம்பதையும் அறுத்துத் தள்ளிடறேன், விளிம்புல ஒட்டினதை மட்டும் அப்புறம் செதுக்கிக்கலாம்" என்றார். "ரம்பம் சட்டத்துல பட்டுதுன்னா ஒன்ற வருஷ வேலை போச்சு, நானே பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். ஜூலை பாதிக்குள் நாலு அச்சு வெளியே வந்தது. ஐந்து பாக்கி. அந்த நிலையில் பாருங்கள், நல்ல உளி காணாமல் போயிற்று. தாங்கள் கல்யாணப் பரிசாக அவருக்குக் கொடுத்த அதே உளி, மஞ்சள் கைப்பிடி. மூன்று வாரம் ஆகிறது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. கோழிக்கூட்டில்கூடத் தேடினேன். இப்போது பெயின்ட் டப்பா திறக்கிற ஒரு மொண்ணைத் தகட்டை வைத்துச் சுரண்டுகிறார், ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை வந்தால் அதிகம். வேறு உளி வாங்கித் தருகிறேன் என்றால் "என் உளி இல்லாம என் கை ஓடாது" என்கிறார். இதில் என் ஆத்திரம் என்னவென்றால், உளி போனதிலிருந்து ஆள் உற்சாகமாக இருக்கிறார். கதவுகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. படகுக்குள் உட்கார்ந்து சீட்டியடிக்கிறார். "கவலைப்படாத, அது எங்கயாவது பத்திரமா இருக்கும்" என்று என்னைத் தேற்றுகிறார். பைத்தியம் பிடிக்க வேண்டியது யாருக்கு?

எடை நாற்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டது. படி ஏற முடிவதில்லை. படுக்கையைச் சமையலறைப் பக்கம் மாற்றிவிட்டேன். இதற்கு மேல் மரியாதையாக எழுத எனக்குத் தெம்பில்லை, நேராகக் கேட்கிறேன். டெஸ்மண்ட், நீ ஏன் வரவில்லை? இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்தால் வாந்தி வரும் என்று முன்பு சொன்னாய். விமானத்திலும் வரும் என்று சொன்னாய். பதினெட்டு மாதமாக நீ எந்த வண்டியில் ஏறினாலும் வாந்தி வருகிறது. உனக்கு அவரை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் எனக்குப் போக வேறு வீடு இல்லை. அவர் உன்னைப் பற்றிக் குறை சொன்னதேயில்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். நீ நாளையே கிளம்பி வா. வரும்போது நல்ல உளி ஒன்று கொண்டு வா, மின்சார ரம்பமும் கொண்டு வா, அண்ணனைத் தள்ளி உட்காரச் சொல். நீயும் வெர்னும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் அச்சுகளை எடுத்து, உள்பக்கம் பூசி, இன்ஜினை மாட்டிவிடலாம். இந்தச் சனியனை என் வீட்டைவிட்டு வெளியேற்றி ஆற்றில் தள்ளிவிட்டு, துவைக்கும் இயந்திரத்தை அதன் இடத்தில் வைத்தால்தான் எனக்கு நிம்மதி. இந்தப் படகை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உன் முழங்காலை ஆசீர்வதிக்கட்டும், வயிற்றையும் ஆசீர்வதிக்கட்டும், கப்பல் ஏறுகிற அளவுக்காவது.

என்றும் உன் அண்ணி,
நோரீன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டினேன், மறுபடி கிழித்தேன். நீ வந்தால் உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். டேப்பை உரித்தது நான். போன ஆகஸ்டில் வெர்ன் அவரை ஹோபார்ட்டுக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போன அன்று, ஒன்பது அச்சிலும் உரித்தேன், நகம் இரண்டு போயிற்று. டாக்டர் சொன்ன எட்டு மாதத்தில் இரண்டு மாதம் பாக்கி இருந்தது, படகோ கிறிஸ்துமஸுக்கு மிதக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தப்பான பசைக்குச் சொன்னதும் நான்தான். கம்பளியின் சுவிட்சை அணைத்ததும் நான்தான், வேறு யார் அணைப்பார்கள்? மிதந்த பிறகு எனக்கு இங்கே என்ன வேலை என்றாரே, அதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அவர் தன் மூளை போய்விட்டது என்று நினைப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அதனால்தான் படகை முடித்துக் கொடுக்க உன்னைக் கூப்பிட்டு மேலே எழுதினேன்.

உரித்த டேப்பை உருட்டி, அலமாரி உச்சியில் இருக்கும் கிறிஸ்துமஸ் கேக் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். பழக் கேக் என்றாலே அவருக்கு ஆகாது, அந்த டின்னை அவர் தொட்டதே இல்லை. நீ வருவதற்குள் அடுப்பில் போட்டுவிடலாம் என்று இப்போது நாற்காலி போட்டு ஏறித் திறந்தேன். டேப் உருண்டை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், அவருடைய கைக்குட்டையில் சுற்றி, மஞ்சள் கைப்பிடி உளி இருந்தது. நான் ஒளித்து வைத்த அளவுக் கோப்பையைத் தேடி ஏறியிருப்பார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனிதர் எப்படி ஏறினாரோ, எவ்வளவு நேரம் அங்கே நின்றாரோ.

நான் நாற்காலியில் நின்றுகொண்டே அழுதுகொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து கூப்பிட்டார்: "நோரீன், என் உளியைப் பாத்தியா?"

"பாக்கலியே" என்றேன். "நல்லாத் தேடு."

"தேடிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.

டின்னை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள். நீ சீக்கிரம் வா, டெஸ்மண்ட். வெறுங்கையோடு வா.